கொல்லிமலைப் பெண் கம்ப்யூட்டர் படிக்கலாமா?

கொல்லிமலையில் ஒரு பாவை இருந்ததாம்.

தெய்வம் செய்து வைத்த பாவை. அது தானே நடக்கும். தானே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் மயங்கிக் கிட்டே வரும் அரக்கர்கள் அங்கேயே செத்து விழுவார்கள்! மலையைக் காக்கும் காவல்காரி அவள்தான் என்பது கதை.

இது நேற்று முளைத்த கதை அல்ல. கொல்லிப் பாவையைப் பற்றி நற்றிணை, குறுந்தொகை போன்ற சங்க நூல்களிலேயே பேச்சு வருகிறது.

தானே நடக்கும் பொம்மைக்கு இந்தக் காலத்தில் "ரோபோ" என்று பெயர். ரோபோவை ஆட்டி வைப்பது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரை ஆட்டி வைப்பது, மனிதர்கள் எழுதிக் கொடுக்கும் கட்டளை. அந்தக் கட்டளையை எழுதும் வேலையைத்தான் "கோடிங்" என்கிறார்கள்.

பாவை வாழ்ந்ததாகச் சொல்லப்படும் அதே மலையில் பிறந்த பெண் பிள்ளைகள், அந்த வேலையைச் செய்ய முடியுமா?

70 வளைவுகளுக்கு மேலே

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து பஸ் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் தடவை போகிறவர்களுக்குத் தலை சுற்றும். மலை மேல் செம்மேடு. கொல்லிமலைத் தாலுகாவுக்கு அதுதான் தலைமை ஊர். வல்வில் ஓரியின் சிலை அங்கேதான் நிற்கிறது.

மிளகு, காபி, மரவள்ளி, அன்னாசி, வாழை, சாமை, கேழ்வரகு. இவைதான் மலையின் செல்வம். மக்களில் பெரும்பாலோர் "மலையாளி" என்ற பழங்குடியினர். (கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையில் வாழ்பவர் என்பதால் வந்த பெயர். பேசுவது தமிழ்தான்.)

இங்கே ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பெண் பத்தாம் வகுப்பு பாஸ் செய்துவிட்டாள். கணக்கில் நல்ல மார்க்.

"அம்மா, நான் கம்ப்யூட்டர் படிக்கப் போறேன்" என்கிறாள்.

"அதுக்குக் கீழ போகணுமே, சாமி. யாரு துணைக்கு வருவா? பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிட்டு வீட்டுல இரு. மிளகு பறிக்க ஆள் கிடைக்காம அப்பா அல்லாடுறார்."

இந்தப் பேச்சு செம்மேட்டுக்கு மட்டும் சொந்தம் அல்ல. ஏற்காட்டிலும் நடக்கும். ராசிபுரத்திலும் நடக்கும். ஆனால் மலை மேல் அதற்குக் கனம் அதிகம். "கீழ போகணும்" என்ற ஒரு வார்த்தைக்குள் பஸ், பணம், பயம், ஊர்ப் பேச்சு எல்லாம் அடங்கிவிடுகிறது.

களி கிண்டத் தெரியுமா?

கோடிங் என்றதும் பலர் ஏதோ மந்திரம் என்று நினைக்கிறார்கள். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

பாட்டி பேத்திக்குக் களி கிண்டச் சொல்லித் தருகிறாள். "தண்ணி கொதிச்சதும் மாவைப் போடு, கட்டி தட்டாம கிண்டு, வெந்ததும் இறக்கு" என்கிறாள். பேத்திக்குப் புரிந்துவிடும். எத்தனை செம்பு தண்ணீர் என்று அவள் கேட்பது இல்லை. பார்த்துப் பழகி இருக்கிறாள்.

கம்ப்யூட்டர் அப்படி இல்லை. அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது. சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. அதனால் அதற்கு இப்படிச் சொல்ல வேண்டும்:

"பானையில் நான்கு செம்பு தண்ணீர் ஊற்று. அடுப்பைப் பற்ற வை. தண்ணீர் கொதிக்கிறதா என்று பார். கொதிக்கவில்லை என்றால் காத்திரு; மறுபடி பார். கொதித்தால் ஒரு படி மாவைப் போடு. துடுப்பால் கிண்டு. கட்டி இருக்கிறதா என்று பார். இருந்தால் இன்னும் கிண்டு. இல்லை என்றால் நிறுத்து."

"கட்டி இல்லை என்றால் நிறுத்து" என்று சொல்ல மறந்துவிட்டால்? விடியும் வரை கிண்டிக்கொண்டே இருக்கும்!

வேலையைச் சிறு சிறு படியாகப் பிரிப்பது, எது முன்னால் எது பின்னால் என்று யோசிப்பது, எங்கே தப்பு நடக்கும் என்று முன்கூட்டியே பார்ப்பது. கோடிங் என்பது முக்கால்வாசி இதுதான். மீதி, கம்ப்யூட்டருக்குப் புரியும் பாஷையில் எழுதுவது. பைதான், ஜாவா என்று அந்தப் பாஷைகளுக்குப் பெயர். அவற்றில் வரும் இங்கிலீஷ் வார்த்தைகள் கொஞ்சம்தான். மனப்பாடம் செய்துவிடலாம். யோசிக்கும் பழக்கம்தான் நாள் பிடிக்கும்.

பாஷைக்குப் பயந்தவர்களுக்கு, அமெரிக்காவில் நடந்த ஒரு கதை இருக்கிறது.

அந்தக் காலத்து கம்ப்யூட்டர் ஒரு பெண்!

1940-களில் "கம்ப்யூட்டர்" என்றால் இயந்திரம் அல்ல. கணக்குப் போடும் ஆளுக்குத்தான் அந்தப் பெயர். அந்த வேலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்!

இரண்டாம் உலக யுத்த சமயம். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போட, பிலடெல்பியா நகரில் ராணுவத்துக்கு ஆள் தேவைப்பட்டது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். "கணக்கில் பட்டம் பெற்ற பெண்கள் தேவை" என்று 1942-ல் பத்திரிகையில் விளம்பரம் வந்தது.

அதைப் பார்த்து வேலைக்குப் போனவர்களில் ஒருவர் கே மெக்நல்டி. அவர் அயர்லாந்தில் ஒரு கிராமத்தில் 1921-ல் பிறந்தவர். தகப்பனார் கல் வேலை செய்கிறவர். 3 வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தபோது அந்தக் குழந்தைக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. வீட்டில் பேசியது ஐரிஷ் பாஷை. கணக்கு மட்டும் பிடிபட்டது. கடைசி வரை அதை விடவில்லை.

ஒரு குண்டின் பாதையைக் கையால் கணக்குப் போட 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை வேகமாகச் செய்ய ஒரு பெரிய இயந்திரம் கட்டினார்கள். "எனியாக்" என்று பெயர். எடை சுமார் 30 டன். பழைய ரேடியோவில் இருப்பது போன்ற வால்வுகள் சுமார் 18 ஆயிரம்! இந்தக் கணக்கை அது அரை நிமிடத்தில் போட்டது.

ஆனால் அதற்கு எப்படிக் கட்டளை கொடுப்பது? சொல்லித் தரப் புத்தகம் இல்லை. ஆசிரியர் இல்லை. 6 பெண்களைத் தேர்ந்தெடுத்து அந்த வேலையைக் கொடுத்தார்கள். கே மெக்நல்டி அவர்களில் ஒருவர். ராணுவ ரகசியம் என்பதால், ஆரம்பத்தில் இயந்திரம் இருந்த அறைக்குள் போகக்கூட அவர்களுக்கு அனுமதி இல்லை. வரைபடத் தாள்களைப் பார்த்துப் பார்த்தே படித்துக்கொண்டார்கள்.

1946 பிப்ரவரியில் எனியாக்கை உலகத்துக்குக் காட்டினார்கள். பத்திரிகைக்காரர்கள் வியந்தார்கள். அன்று இயந்திரம் போட்டுக் காட்டிய கணக்குக்குக் கட்டளை எழுதியவர்கள் அந்தப் பெண்களில் இருவர். இரவில் பெரிய விருந்து நடந்தது.

அந்த 6 பெண்களுக்கும் அழைப்பு இல்லை!

படத்தில் இருந்தார்கள், பெயர் போடவில்லை. அவர்களைக் கூப்பிட்டு ஒரு பெரிய கவுரவம் செய்ய 1997 வரை ஆயிற்று. 51 வருஷம்.

உலகத்தின் முதல் "கோடிங்" வேலைக்காரர்களில் பெண்கள் இருந்தார்கள். "இது ஆம்பளைப் பிள்ளை படிப்பு" என்று சொல்லுகிறவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியாது போலும்.

கிண்டியில் அடித்து எழுதிய எழுத்து

அமெரிக்கா தூரம். சென்னை பக்கம்தானே?

ஏ. லலிதா 1919-ல் சென்னையில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் விதவை. கையில் 4 மாதப் பெண் குழந்தை.

அந்தக் காலத்தில் விதவையின் கதி என்ன என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். தலை முழுகி, மூலையில் உட்கார வேண்டியதுதான். லலிதா உட்காரவில்லை. மேலே படிக்க வேண்டும் என்றார். டாக்டர் படிப்பு படித்தால் நேரம் கெட்ட நேரத்தில் நோயாளியைப் பார்க்கப் போக வேண்டும். குழந்தையை யார் பார்ப்பது? அதனால் என்ஜினீயரிங் என்று முடிவு செய்தார்.

கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் அதுவரை ஒரு பெண் கூடச் சேர்ந்தது இல்லை. லலிதாவின் தகப்பனார் சுப்பாராவ் அங்கே மின்சாரப் பொறியியல் பேராசிரியர். மகளுக்காகக் கல்லூரி முதல்வரிடம் பேசினார். கல்வி அதிகாரியிடம் பேசினார். 1940-ல் இடம் கிடைத்தது. நூற்றுக்கணக்கான ஆண்கள். நடுவே ஒரே பெண்.

பிறகு தெரசியா, லீலாம்மா ஜார்ஜ் என்ற இருவர் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். பட்டம் கொடுக்கும் நாளில் ஒரு வேடிக்கை. பட்டத் தாளில் "அவன்" என்ற பொருளில் இங்கிலீஷ் வார்த்தை அச்சடித்திருந்தது. ஒரு பெண் பாஸ் செய்வாள் என்று அச்சுக் கோர்த்தவருக்குத் தெரியுமா? அதை அடித்துவிட்டு, மேலே "அவள்" என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

பின்னாளில் லலிதா, பக்ரா நங்கல் அணைக்கான மின்சார வேலைகளில் பங்கு கொண்டார். 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் என்ஜினீயர்களின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போனார். அந்தக் குழந்தையையும் வளர்த்து ஆளாக்கினார்.

இதில் யாருக்குப் பெருமை அதிகம்? மகளுக்கா, மகளுக்காகப் போய்ப் பேசிய தகப்பனுக்கா? இருவருக்கும் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு ஆள் பக்கத்தில் நிற்காமல், பதினைந்து பதினெட்டு வயதுப் பெண் தனியாக இந்தக் கதவைத் தட்ட முடியாது.

ஒரு தபால் கார்டு

1974-ம் ஆண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, அறிவிப்புப் பலகையில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். டெல்கோ கம்பெனிக்கு என்ஜினீயர்கள் தேவை. அடியில் ஒரு வரி: பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.

மாணவிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு தபால் கார்டு வாங்கினார். நேராக ஜே.ஆர்.டி. டாடாவுக்கே எழுதிப் போட்டார். உங்கள் கம்பெனி இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்.

கொஞ்ச நாளில் தந்தி வந்தது. புனாவுக்கு நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லி! வேலையும் கிடைத்தது. அந்த மாணவிதான் பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் பெற்ற சுதா மூர்த்தி.

1942-ல் அமெரிக்காவில் "பெண்கள் தேவை" என்று விளம்பரம். 32 வருஷம் கழித்து நம் நாட்டில் "பெண்கள் வேண்டாம்" என்று விளம்பரம். வேலை என்னவோ ஒரே மாதிரி மூளை வேலைதான்.

பக்கத்து மலையில் நடந்தது

"இதெல்லாம் பெரிய இடத்துக் கதை. மலையில் பிறந்தவர்களுக்கு ஆகுமா?" என்று கேட்கலாம்.

கொல்லிமலைக்குப் பக்கத்து மலை பச்சைமலை. அங்கேயும் மலையாளிப் பழங்குடியினர்தான். 2024-ல் பச்சைமலையைச் சேர்ந்த ஒரு பெண், அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி, திருச்சி என்.ஐ.டி.யில் கெமிக்கல் என்ஜினீயரிங் சேர்ந்தார். படித்தது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில். கூலி வேலை செய்யும் குடும்பம். படிப்புச் செலவை அரசு ஏற்றுக்கொண்டது.

அடுத்த வருஷம், 2025-ல், கல்வராயன் மலையில் இருந்து இன்னொரு பெண். அவரும் அதே மாதிரி அரசுப் பள்ளிதான். அவர் போனது சென்னை ஐ.ஐ.டி.!

தென்காசிப் பக்கம் செங்கோட்டையில் ஒரு விவசாயியின் மகள் அரசுப் பள்ளியில் படித்தார். நெல்லை அரசு என்ஜினீயரிங் கல்லூரிக்குப் போனார். 2023 செப்டம்பர் 2-ந் தேதி சூரியனை ஆராய "ஆதித்யா எல் 1" விண்ணில் பாய்ந்ததே, அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி அவர்தான். பூமியில் இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் அந்தக் கருவி, தரையில் இருந்து போகும் கட்டளைப்படிதான் நடக்கிறது.

எழுபத்தோராவது வளைவு

மலைப் பாதையில் 70 வளைவு. பெண் பிள்ளையின் படிப்பில் இன்னொரு வளைவு இருக்கிறது. அது பத்தாம் வகுப்பு முடிந்ததும் வருகிறது.

பிளஸ் 1-ல் எந்த குரூப்?

"கணக்கு கஷ்டம், வேறு குரூப் எடுத்துக்கோ" என்று யாராவது சொல்லுவார்கள். தோழி எடுக்கும் குரூப்பையே எடுக்கும் பிள்ளைகளும் உண்டு. பக்கத்துப் பள்ளியில் கணக்கு குரூப் இல்லாமலும் போகலாம். 15 வயதில், ஒரு காலை நேரத்தில், இந்த முடிவு நடந்துவிடுகிறது. பிளஸ் 2-வில் கணக்கை விட்டுவிட்டால், அந்த வழியாக என்ஜினீயரிங்குக்குப் போவது பெரும்பாலும் அடைபட்டுவிடும். இரண்டு வருஷம் கழித்து அழுது பிரயோஜனம் இல்லை.

தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் சேர 2007 முதல் தனி நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் 2 மார்க்கை வைத்தே வரிசை போடுகிறார்கள். கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50. மொத்தம் 200. பாதி கணக்கு! (ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கு மட்டும் அகில இந்தியத் தேர்வு.)

பிளஸ் 2 வரை போக முடியவில்லையா? பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் 3 வருஷ டிப்ளமா இருக்கிறது. அதை முடித்தவர்கள் என்ஜினீயரிங் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இன்னும் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்றால் ஐ.டி.ஐ.யில் "கோபா" என்று ஒரு வருஷக் கம்ப்யூட்டர் படிப்பு.

பணத்துக்கு என்ன வழி? ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங் இடங்களில் நூற்றுக்கு ஏழரை இடம் என்று 2021-ல் சட்டம் வந்தது. அப்படிச் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், ஆஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும் என்று அறிவித்தார்கள். 2022 செப்டம்பர் 5-ந் தேதி "புதுமைப் பெண்" திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். பழங்குடியினருக்குத் தனி இட ஒதுக்கீடும் உண்டு. அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். கடைசி நாளில் தாலுகா ஆபீசுக்கு ஓடாமல், ஒன்பதாம் வகுப்பிலேயே வாங்கி வைப்பது நல்லது. வருகிற சலுகை இந்தக் காகிதம் இல்லாமல் தட்டிப் போனால் யாரை நோவது?

எல்லாம் தேன் அல்ல

கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லோரும் கார், பங்களா வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தால் அது தப்பு. பட்டம் வாங்கிவிட்டு வேலை இல்லாமல் இருப்பவர்களும் உண்டு. பெரிய கம்பெனிகளிலும் ஆட்குறைப்பு நடக்கிறது. சாதாரணக் கட்டளைகளைச் செயற்கை அறிவே எழுதத் தொடங்கிவிட்டது. அரைகுறையாகப் படித்தவர்களுக்கு இனி இடம் குறைவு.

"மூன்று மாதத்தில் வேலை நிச்சயம்" என்று நோட்டீஸ் அடித்துப் பணம் கேட்கும் இடங்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நிலத்தையோ நகையையோ அடகு வைத்துக் கட்ட வேண்டிய பணம் அல்ல அது. பைதான் போன்றவற்றை இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம். பள்ளிக்கூட கம்ப்யூட்டர் போதும். அண்ணன் கையில் இருக்கும் செல்போன் கூடப் போதும். மலையில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சிக்னல் கிடைக்காது என்பது வாஸ்தவம்தான். களிக்கு எழுதிய கட்டளை மாதிரி நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பழக சிக்னல் எதற்கு?

கணக்கே பிடிக்காத பெண்ணை இதில் தள்ளுவதும் பாவம். அவளுக்கு நர்ஸ் படிப்பு இருக்கிறது, ஆசிரியர் படிப்பு இருக்கிறது, விவசாயப் படிப்பு இருக்கிறது. பிடித்த பெண்ணைத் தடுக்காமல் இருந்தால் போதும்.

அம்மாவின் பயமும் பொய் அல்ல. "கீழே" போகும் பெண் எங்கே தங்குவாள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. அதற்குப் பதில், படிப்பை நிறுத்துவது அல்ல. ஒரு நாள் பஸ் ஏறி, மகளோடு போய், ஆஸ்டலைக் கண்ணால் பார்த்து, வார்டனிடம் பேசிவிட்டு வரலாம். முன்பெல்லாம் வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டும். 2024-ல் சேலத்திலேயே ஒரு சிறிய டைடல் பூங்கா திறந்தார்கள். கொல்லிமலையில் இருந்து சேலம் ஒன்றும் சீமை அல்ல.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் மே மாதத்தில் வரும். உடனே பிளஸ் 1 சேர்க்கை ஆரம்பமாகிவிடும். அதற்கு முன்னால் ஒரு நாள், மிளகுக் கொடியை விட்டு இறங்கி, அப்பாவோ அம்மாவோ பள்ளிக்கூடம் வரை நடக்க வேண்டும். கணக்கு வாத்தியாரைப் பார்த்து, "எங்க புள்ளைக்குக் கணக்கு எப்படிங்க வருது?" என்று கேட்க வேண்டும்.

அவர் உட்கார வைத்துச் சொல்லுவார்.